மெய்நிகர்ப் பெட்டியும் மூதூர்த் தோணியும்

திருகோணமலையில், உட்துறைமுகத்தை நோக்கிய ஒரு வீட்டின் விறாந்தையில் மாதந்தோறும் கூடும் வாசகர் வட்டத்தில் நாமும் ஓர் அங்கம். ஆசிரியர் நால்வர், உயர்தர வகுப்பு மாணவர் பத்துப் பன்னிருவர், சில வேளைகளில் அயலிலுள்ள கடற்றொழிலாளர் ஓரிருவர், இவ்வளவுதான் கூட்டம். வழக்கமாக ஒரு சிறுகதைத் தொகுதியோ நாவலோ விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். சென்ற முறை நூல் வரவில்லை. ஓர் அட்டைப் பெட்டி வந்தது. புவியியல் கற்பிக்கும் நண்பர் அதனை மேசைமீது வைத்து, இதையும் ஒரு நூலை ஆராய்வது போலவே ஆராய்ந்தால் என்ன என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மனிதனுக்கு மனித வாழ்வைக் காட்டுவதாக உரிமை பாராட்டும் எந்தச் சாதனமும், ஏட்டுச் சுவடியாயினும் சினிமாவாயினும், விமர்சனத்துக்கு உட்பட்டதே. ஆகவே அன்று பெட்டியையே படித்தோம்.

அதன் அமைப்பு எளிமையானது. மடித்த அட்டை, கண்ணுக்கு ஒன்றாக இரண்டு குவிவு வில்லைகள், முன்புறத்தில் ஸ்மார்ட் கைத்தொலைபேசியைச் செருகுவதற்கு ஓர் இடம். தொலைபேசியின் திரை இரண்டாகப் பிரிந்து, சற்றே வேறுபட்ட இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டுகிறது. மூளை அவ்விரண்டையும் ஒன்றாக்கி ஆழத்தைக் கற்பித்துக்கொள்கிறது. தலையைத் திருப்பினால் தொலைபேசியினுள் இருக்கும் சுழற்சியுணரி அதனை அறிந்து காட்சியையும் உடன் திருப்புகிறது. எனவே பார்ப்பவர் படத்துக்கு எதிரே இருப்பதாக அன்றி, படத்துக்கு நடுவே நிற்பதாக உணர்கிறார். கூகிள் நிறுவனத்தின் பாரிஸ் நிலையத்தில் டேவிட் கோஸ், டேமியன் ஹென்றி என்னும் இரு பொறியியலாளர் உருவாக்கிய இவ்வமைப்பு 2014 ஜூன் மாதத்தில் உலகுக்குக் காட்டப்பட்டது. நூற்றுக்கணக்கான டொலர் விலையுள்ள தலைக்கருவிகள் தருவதில் ஒரு பகுதியை ஓர் அட்டைத் துண்டு தந்துவிட்டமை அன்று பலரை வியப்பில் ஆழ்த்தியது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் ஒரு கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வெளியே சென்றிருந்தன.

நமது பெட்டி ஒரு சிறுகதைத் தொகுதியின் விலையைவிடச் சற்றே கூடியது. ஆதலால் இது ஏழைக்கும் எட்டும் சாதனம் என்று விற்போர் சொல்வதை நம்பியே தொடங்கினோம். கூடியிருந்தோரிடம் பதினொரு தொலைபேசிகள் இருந்தன. ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிப் பார்த்தபோது, நான்கில் மட்டுமே காட்சி தலையோடு திரும்பியது. ஏனையவை விலை குறைந்தவை. அவற்றில் சுழற்சியுணரி இல்லை. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே படம் கண்முன் ஒட்டிக்கொண்டு நின்றது. தன் தந்தை 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் தவணை முறையில் வாங்கிக் கொடுத்த தொலைபேசியைக் கையில் வைத்திருந்த மாணவன், ஏதோ தன்மேல் குற்றம் இருப்பதுபோல அதனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அட்டை மலிவானது, அட்டைக்குள் செல்ல வேண்டியது மலிவானதன்று. ஒரு பொருளின் விலையை அதன் துணைப்பொருளின் தலையில் மறைத்து வைப்பது வணிகத்தின் பழைய வித்தை.

இயங்கிய நான்கிலும் குறைகள் உண்டு. வில்லை திரையைப் பெருப்பிப்பதால் படம் கொசுவலைக்கு ஊடாகப் பார்ப்பதுபோலச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிகிறது. கால்மணி நேரத்தில் தொலைபேசி நெற்றியைச் சுடுகிறது. மூக்குக்கண்ணாடி அணிந்தோர் அதனைக் கழற்றுவதா வைத்திருப்பதா என்று தடுமாறுகின்றனர். கழுத்தைத் திருப்பலாம், ஓரடி எடுத்து வைத்தால் காட்சி நம்மோடு நகராது. கண் நகர்வதாகச் சொல்ல, உடல் நகரவில்லை என்று மறுக்க, இவ்விரண்டின் முரண்பாட்டில் குமட்டல் பிறக்கிறது. நம்முள் ஒருவர் பாதியிலேயே எழுந்து தேசிக்காய்த் தண்ணீர் கேட்டார்.

மெய்நிகர் என்று தமிழில் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். நல்ல சொல்தான், ஆயினும் சற்றே நின்று நோக்கத்தக்கது. ஆங்கிலச் சொல் ஏறக்குறைய என்னும் அடக்கத்தோடு நிற்கிறது. தமிழ்ச் சொல்லோ நிகர் என்று துணிந்து கூறுகிறது. அன்றியும் மெய் என்பது நமக்கு உண்மை, உடல் இரண்டையும் குறிக்கும். இப்பெட்டி ஏமாற்றுவது உடலாகிய மெய்யை. அதில் அது வல்லது, குமட்டலே அதற்குச் சான்று. உண்மையாகிய மெய்யைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதுதான் அன்று நமக்கு எழுந்த கேள்வி.

இவ்வித்தை புதியதும் அன்று. இரு கண்களுக்கும் இரு படம் காட்டினால் ஆழம் தோன்றும் என்பதை 1838இல் சார்ள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கினார். டேவிட் புரூஸ்ரர் 1849இல் வில்லை பொருத்திய சிறு பெட்டியைச் செய்தார். அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861இல் மலிவான கைக்கருவி ஒன்றை அமைத்து, அதற்குக் காப்புரிமை பெறாமலே விட்டுவிட்டார். அக்கருவி ஆயிரமாயிரம் வீடுகளுக்குள் புகுந்தது. ஆனால் கருவியைத் தாராளமாக விட்டாலும், அதனுள் செருகும் படங்களை எடுத்தவர்கள் கம்பனிகள். அண்டர்வூட் கம்பனி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற இலங்கைப் படங்களில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களும் கொழுந்து பறிக்கும் நம் பெண்களும் முப்பரிமாணத்தில் நிற்கின்றனர். அயல்நாட்டு வரவேற்பறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, அத்தோட்டத்துத் தேநீரைப் பருகியபடியே ஒருவர் அப்பெண்ணைத் தம் கண்முன் உயிரோடு நிற்பதாகக் கண்டு வியந்திருக்கக்கூடும். அவளுடைய நாட்கூலியை அவ்வாழம் காட்டவில்லை.

இனி நம் விறாந்தைக்கு வருவோம். முதலில் இட்ட படம், தென்கிழக்காசியக் கடலொன்றில் மீன்பிடிப்போரைப் பற்றிய சில நிமிடக் காட்சி. மாணவர்கள் பெட்டியைக் கண்ணில் வைத்ததும் ஆவென்றனர். கையை நீட்டி வலையைத் தொட முயன்றனர். அவர்களுள் யாரும் கடல் காணாதவர் அல்லர். மனையாவெளியிலும் திருக்கடலூரிலும் பிறந்து வளர்ந்தோரும் அங்கிருந்தனர். தம் வாசலில் கிடக்கும் கடல் தராத வியப்பை அட்டைக்குள் இருந்த கடல் தந்தது. இதை நாம் ஏளனமாகச் சொல்லவில்லை, நாமும் வியந்தோம்.

பின்னர், அருகே குந்தியிருந்து பீடி பற்றிக்கொண்டிருந்த முதிய கடற்றொழிலாளர் ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்தோம். நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர் அவர். இரு கைகளாலும் அதனைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல முழு வட்டமாகத் திரும்பினார். வியக்கவில்லை. தேடினார்.

"கரை எந்தப் பக்கம் தம்பி?"

கரை அப்படத்தில் இல்லை என்றான் மாணவன்.

"சரி. இது ஆருட வள்ளம்?"

மாணவன் விழித்தான். அது படத்தில் சொல்லப்படவில்லை என்றான்.

"இழுக்கிறவனுக்கு எத்தின பங்கு?"

அதுவும் சொல்லப்படவில்லை. முதியவர் பெட்டியைத் திருப்பித் தந்து, "வலை நல்ல வலை" என்று மட்டும் கூறினார். பின்னர் அணைந்துபோன பீடியை மறுபடியும் பற்றவைத்துக்கொண்டார்.

அன்றைய விமர்சனத்தை நடத்தியவர் உண்மையில் அவரே. சுற்றிலும் முந்நூற்றறுபது பாகையும் திறந்து காட்டும் கருவியில், தொழிலாளியின் கண் முதலில் தேடிய மூன்று பொருள்களும் இல்லை. கரை, உடைமை, பங்கு. இம்மூன்றும் கமராவுக்கு அகப்படாதவை என்று சிலர் கூறக்கூடும். அவை பொருள்கள் அல்ல, உறவுகள் என்பர். மெய்தான். ஆனால் உறவுகளைக் காட்டாத யதார்த்தம் எத்தகைய யதார்த்தம்? கரைவலைத் தொழிலில் வலை சம்மாட்டியுடையது. செலவு கழித்துப் பிரிக்கும்போது வலைக்கென்று ஒரு பங்கு முன்னரே எடுக்கப்பட்டு விடும். இழுத்த கைகள் எஞ்சியதைப் பகிர்ந்துகொள்ளும். கயிற்றின் மறுமுனையில் இருக்கும் இந்தக் கணக்கைத் தெரிந்த பிறகே கயிற்றின் பாரம் நமக்கு விளங்குகிறது.

இவ்விடத்தில் நமது மாவட்டத்தின் இலக்கிய வரலாற்றில் ஒரு பகுதியை நினைவுகூருதல் பொருந்தும். ஈழத்தின் முன்னோடித் தமிழ் நாவல்களுள் ஒன்றான ஊசோன் பாலந்தை கதையைத் திருகோணமலை இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்டார். ஊசோன், பாலந்தை ஆகியோர் யார்? ஓர்சன், வலன்டைன் என்னும் இரு சகோதரரைப் பற்றிய பழைய ஐரோப்பிய வீரக்கதையின் நாயகர். நான்கு ஆண்டுகளின் பின் 1895இல், திருகோணமலையிற் பிறந்து சென்னையிற் பணியாற்றிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கியை எழுதினார். அது தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படுவது. நாயக்கர் காலத்து அரசவைகளை அதிற் காண்கிறோம். இவ்விருவரது பணியையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. தத்தை விடு தூது பாடிப் பெண் விடுதலை பேசிய சரவணமுத்துப்பிள்ளையைக் குறைத்து மதிப்பிடுவோர் இருப்பின் அவர் வாசியாதவர். நாம் கவனிப்பது வேறு. நாவல் என்னும் புதிய சாதனம் இத்துறைமுகத்து மனிதர் கைக்கு வந்தபோது, முதலில் அவர்களைப் பிறநாட்டு அரண்மனைக்கும் பழங்காலத்து அரண்மனைக்குமே அழைத்துச் சென்றது. ஜன்னலுக்கு வெளியே கிடந்த வள்ளத்தை அது பார்க்கவில்லை. வள்ளத்தைப் பார்க்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது, மூதூர் வ. அ. இராசரத்தினம் வேண்டியிருந்தார்.

அவரது 'தோணி' என்னும் சிறுகதையை நம் மாணவர் பலர் படித்திருப்பர். அதன் பெயர் தாங்கிய தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. தனக்கென்று சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்னும் ஏக்கம்தான் கதையின் உயிர். கடல், அலை, பாய், காற்று எல்லாம் அதில் உண்டு; ஆனால் அவை யாவும் ஒரே கேள்வியைச் சுற்றியே சுழல்கின்றன. முதியவர் பெட்டிக்குள் பார்த்துவிட்டுக் கேட்டாரே, அதே கேள்வி. பெட்டி நம்மைத் தோணிக்குள் ஏற்றி வைத்தது. கதையோ நம்மைக் கரையிலேயே நிறுத்தி, அத்தோணியில் உரிமையோடு ஏற முடியாதவனின் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்தது. நிழற்படம் ஒன்றுகூட இல்லாத, சில பக்கங்களே கொண்ட அச்சு எழுத்து, கடலை நமக்கு அதிகம் தந்தது என்பது நமது துணிபு.

இரண்டாவதாக நாம் பார்த்த படம் உலகப் புகழ் பெற்றது. ஜோர்தானிலுள்ள சாத்தரி அகதி முகாமில் வாழ்ந்த சித்ரா என்னும் பன்னிரண்டு வயதுச் சிரியச் சிறுமியைப் பற்றி, ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் 2015இல் வெளிவந்த எட்டு நிமிடச் சொச்சப் படம். அவ்வாண்டு டாவோஸ் நகரில் உலகச் செல்வந்தரும் ஆட்சியாளரும் கூடிய மாநாட்டில் அது காட்டப்பட்டது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான கிறிஸ் மில்க், இக்கருவி மனிதரிடையே ஒத்துணர்வை விளைவிக்கும் இயந்திரம் என்று மேடையிற் பேசினார். அதே ஆண்டு நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, போரால் இடம்பெயர்ந்த மூன்று சிறுவர்களைப் பற்றிய படத்தைக் காண்பதற்காகப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைப் பெட்டிகளைத் தன் சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பி வைத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு அகதி முகாமும் வாசலுக்கு வந்தது.

நம் வட்டத்து மாணவி ஒருத்தியின் தாயார் சம்பூரைச் சேர்ந்தவர். 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் மக்கள் முழுமையாக இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய நிலம் பாதுகாப்பு வலயமாகவும் அனல்மின் நிலையத்துக்கான இடமாகவும் ஆயிற்று. 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே ஊர் திரும்ப முடிந்தது. நிலக்கரி மின்நிலையத் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தை இவ்வம்மையார் கிளிவெட்டி முகாமிற் கழித்தவர். மகளை அழைத்துப்போக வந்தவரிடம், இவர் என்ன சொல்வார் என்னும் ஆவலோடு பெட்டியைக் கொடுத்தோம். ஒருவரது பழைய புண்ணை நம் ஆவலுக்காகக் கீறினோமோ என்ற உறுத்தல் இன்றும் நமக்கு உண்டு. அவர் அழவில்லை. முழுவதையும் பார்த்து முடித்துவிட்டு, "அந்தப் பிள்ளை இன்னும் அங்கேயோ இருக்கிறா?" என்று கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை. சற்றுப் பொறுத்து, "முகாம் ஒரு நாளைக்குப் பார்க்க இப்பிடித்தான் இருக்கும். ஒன்பது வருசம் இருந்து பார்க்கவேணும்" என்றார்.

ஒத்துணர்வு இயந்திரம் என்னும் கோட்பாட்டின் பலவீனத்தை இதைவிடச் சுருக்கமாக நாம் எடுத்துரைக்க இயலாது. இக்கருவி இடத்தைத் தருகிறது. அகதி வாழ்வின் துன்பமோ பெரும்பாலும் இடத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கிக்கு முன் நிற்கும் வரிசை ஒரு காட்சி. அவ்வரிசையில் மூவாயிரம் காலைகள் நிற்பது ஒரு வாழ்க்கை. மேலும், எட்டு நிமிடம் கழிந்ததும் பெட்டியைக் கழற்றி வைக்கும் உரிமை பார்ப்பவருக்கு உண்டு, பார்க்கப்படுபவருக்கு இல்லை. இரக்கம் பிறக்கக்கூடும், நன்கொடையும் கிடைக்கக்கூடும். நிதி திரட்டுவதற்கு அப்படம் பயன்படவும் செய்தது, அது கெடுதலும் அன்று. ஆனால் டாவோஸ் மண்டபத்தில் பெட்டியை அணிந்தோர், அகதிகள் ஏன் உண்டாகிறார்கள், ஆயுதங்களை விற்பவர் யார் என்று தலையைத் திருப்பித் தேடியிருந்தால், அப்படத்தின் எந்தப் பாகையிலும் விடை கிடைத்திராது. ஒருவேளை தமக்குப் பக்கத்து நாற்காலிகளில் கிடைத்திருக்கலாம். பெட்டி அணிந்தவருக்குப் பக்கத்து நாற்காலி தெரியாது.

இவ்வாறு நாம் சொன்னதும், முற்போக்கு எண்ணமுடைய நண்பர் ஒருவர், அப்படியாயின் இது முதலாளித்துவத்தின் மயக்கப் பொருள், ஒதுக்கிவிடுவோம் என்றார். இதனை நாம் ஏற்கவில்லை. சினிமா வந்த நாளிலும் நம்மவருள் பலர் அதனைக் கூத்தாட்டம் என்று ஒதுக்கினர். ஒதுக்கியதன் பயனாக அது முழுமையாக வணிகர் கையில் விழுந்தது. நாவல் அரண்மனையில் தொடங்கி வள்ளத்துக்கு வந்த கதையையும் மேலே கண்டோம். அது தானாக வரவில்லை. நாவலை ஒதுக்காதவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஆசிரிய நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். 2015இல் இதே நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளுக்கான மெய்நிகர்ச் சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வகுப்பறையில் இருந்தபடியே பிரமிட்டையும் பவளப்பாறையையும் காட்டலாம் என்று உலகெங்கும் ஆசிரியர் அதனைச் சுற்றிப் பாடங்களை அமைத்தனர். 2021 ஜூன் மாத முடிவில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அட்டைப் பெட்டி விற்பனையையும் அவ்வாண்டு மார்ச்சிலேயே நிறுவனம் நிறுத்திவிட்டது. இலாபம் வேறு திசையில் தெரிந்தபோது கரும்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்க. எஞ்சியது ஒன்று. 2019 நவம்பரில் இப்பெட்டிக்கான மென்பொருளை யாரும் எடுத்து ஆளும்படி திறந்துவிட்டிருந்தனர். ஆகவே இன்று கடைகளில் கிடைப்பவை பிறர் செய்தவை. நாமே கத்தரிக்கோலும் வில்லையும் கொண்டு செய்தாலும் தடுப்பார் இல்லை. கருவி கேட்பாரற்றுத் தெருவில் கிடக்கிறது. இப்போதாவது நாம் அதனை எடுத்துப் பார்க்கலாம்.

மாணவர் எடுத்துப் பார்த்தனர். சுழன்று படமெடுக்கும் வசதி தொலைபேசியிலேயே உண்டு. கூட்டத்துக்கு மறுவாரம், மூவர் உட்துறைமுகக் கரையில் நின்று துறைமுகத்தைச் சுற்றுக்காட்சியாக எடுக்க முயன்றனர். முதல் இடையூறு மானால் வந்தது. கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் உலாவும் புள்ளிமான்களில் ஒன்று, மதிலில் வைத்திருந்த பெட்டியின் மேல்மூடியைப் பாதி தின்றுவிட்டது. நம் ஊர் விமர்சகர்களில் மிகக் கடுமையானது அதுவே போலும்.

இரண்டாவது இடையூறு சிரிப்புக்குரியதன்று. நீருக்கு அப்பால் மாவாலையும் சீமெந்து ஆலையும் கப்பல்களும் படத்தில் விழுந்தன. ஆனால் கடற்படைத் தளம் இருக்கும் திசையைப் படமெடுக்கலாகாது. மாணவர் அத்திசை வந்ததும் தொலைபேசியைத் தாழ்த்திக்கொண்டனர். எடுத்த படத்தைப் பெட்டிக்குள் இட்டுப் பார்த்தபோது, ஒரு பக்கம் தலையைத் திருப்பியதும் காட்சி அறுந்து வெறும் கறுப்பாயிற்று. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று பாடநூலில் நாம் கற்பிக்கும் துறைமுகத்தை, அதன் கரையில் பிறந்த பிள்ளைகள் முழு வட்டமாகப் பார்த்துவிட முடியாது.

அக்கறுப்பை என்ன செய்வது என்பதில் வாதம் எழுந்தது. வெட்டி ஒட்டிவிடலாம், வானத்தை இழுத்து நிரப்பிவிடலாம் என்றான் கணினி தெரிந்த மாணவன். பெட்டியில் முன்பு கரையைத் தேடிய அதே முதியவர் இதையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்குள்ளதான் என்ட அப்பப்பா வேலை செஞ்சவர்" என்றார். பிரித்தானியக் கடற்படையின் கப்பல் திருத்தும் தளத்தில். 1957 அக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றபோது வேலை இழந்தோருள் அவரும் ஒருவராம். அதன் பின்னரே குடும்பம் கரைவலைக்கு வந்ததாம். சீனக்குடாவில் பிரித்தானியர் 1930களிற் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் அப்பப்பா சொல்லக் கேட்டதை அவர் சொன்னார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்த காலையில் ஊர் எப்படி ஓடியது என்பதும் அதில் அடக்கம். அன்று ஒரு தாங்கி எரிந்தது. இப்போது எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரியில் செய்த உடன்படிக்கையின்படி 14 இந்தியன் எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் என்று பங்கு பிரிக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் கணக்கைப் புவியியல் ஆசிரியர் வாசித்ததும், முதியவர் தலையை ஆட்டி, "அப்ப இதில பங்கு சொல்லியிருக்கினம்" என்றார்.

கறுப்பை நிரப்புவதில்லை என்று முடிவாயிற்று. பார்ப்பவர் அப்பக்கம் திரும்பும்போது படத்துக்குப் பதில் முதியவரின் குரல் ஒலிக்கட்டும் என்றாள் சம்பூர் மாணவி. குரலைப் பதிவு செய்ய விலை உயர்ந்த தொலைபேசி வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் தன் தொலைபேசியை மறைத்துக்கொண்ட மாணவன் அதனை வெளியே எடுத்தான். முதியவர் மதிலில் சாய்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, எதிலிருந்து தொடங்கவேணும் என்று கேட்டார். வள்ளம் ஆருடையது என்பதிலிருந்து தொடங்குங்கள் மாமா என்றான் அவன்.